அனுமதிக்கப்பட்ட வயது

முயல் வளர்க்கிறவர்கள் காலையில் எழுந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அதன் புழுக்கையை. உருண்டையாக, ஏறக்குறைய ஒரே அளவாக, பிய்த்தால் உள்ளே புல்நார் தெரியும்படி கிடந்தால் கவலையில்லை. சிறுத்திருந்தாலோ, கோணலாக இருந்தாலோ, முடியில் கோத்துக்கொண்டு வந்தாலோ குடல் மந்தமாகிறது என்று பொருள். தட்டில் ஒன்றுமே இல்லையென்றால் அன்றைக்கு மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட வேண்டும். எங்கள் அப்பத்தா சாணத்தின் பதத்தைப் பார்த்தே மாட்டுக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அந்தப் பார்வை எனக்கு வாய்க்க ஒரு முயல் வீட்டுக்கு வர வேண்டியிருந்தது.

மாட்டுக்கு முடியவில்லை என்றால் படுத்துவிடும், முனகும். ஆடு கத்தித் தீர்த்துவிடும். நாய் நம் காலடியில் வந்து விழும். முயல் இதில் எதையும் செய்யாது. நரிக்கும் கழுகுக்கும் இரையாகவே காலங்காலமாக வாழ்ந்த பிராணி அது. பலவீனத்தைக் காட்டிக்கொண்டால் உயிர் போய்விடும் என்பது அதன் உடம்புக்குத் தெரியும். நோயுற்ற முயல் மூலையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். நல்ல முயலும் பகலில் மூலையில்தான் உட்கார்ந்திருக்கும். வேறுபாடு முகத்தில் இருக்கிறது. கண் இடுங்கும். கன்னத்தின் திரட்சி குறைந்து தட்டையாகும். மூக்குத் துவாரத்தின் வடிவம் கூராகும். மீசைமயிர் விறைக்கும். காது இறுகிச் சுருண்டு பின்னால் சாயும். இந்த ஐந்தையும் வைத்து முயலின் வலியை அளக்கும் முறை 2012இல்தான் வெளிவந்தது. காதில் அடையாள எண்ணைப் பச்சை குத்தும்போது முயல்களின் முகத்தைப் பதிவுசெய்து, அதிலிருந்து ஆய்வாளர்கள் அந்த அளவுகோலை உருவாக்கினார்கள். மனிதன் முயலைக் கூண்டில் வளர்க்கத் தொடங்கிப் பல நூறு ஆண்டுகள் ஆகின்றன. அதன் முகத்தைக் கவனிக்கத் தொடங்கியது நேற்றுத்தான்.

எங்கள் முயல் இறைச்சிப் பண்ணையிலிருந்து வந்தது. நாத்தனார் மகன் பண்ணைக்காரரிடம் கேட்டு வாங்கி வந்து என் மகளிடம் கொடுத்தான். சாம்பல் நிற உரோமத்தில் கறுப்பு விரவியிருந்ததால் அவள் அதற்கு மிளகு என்று பெயர் வைத்தாள். திண்டுக்கல் மாவட்டத்தில் முயல் வளர்ப்பு தெரியாத தொழில் இல்லை. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாடு, உரோம ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்களை அங்கே வளர்த்து, பண்ணை வைப்பவர்களுக்குக் கொடுக்கிறார்கள். எந்தக் கூண்டு, எவ்வளவு தீவனம், எப்போது சேர்க்கை என்று கேட்டால் சொல்ல ஆள் உண்டு.

ஒரு சித்திரை மாதத்தில் மிளகு தின்பதை நிறுத்தியது. அறுகம்புல்லை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. முருங்கைக் கீரைக்கும் அதே கதி. முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்து, பல்லை மட்டும் நறநறவென்று கடித்தது.

எங்கள் பேரூராட்சியில் அரசுக் கால்நடை மருந்தகம் உண்டு. அங்கே காலை நேரம் என்பது சினை ஊசிக்கு வந்த மாடுகளின் நேரம். மரத்தடியில் நான்கைந்து பசுக்கள், குடற்புழு மருந்துக்கு வந்த வெள்ளாடுகள், நடுவில் கூடையோடு நான். மருத்துவர் இளைஞர். கூடையைத் திறந்து பார்த்துவிட்டு மறைக்காமல் சொன்னார்: "டீச்சர், மாடு, ஆடு, கோழின்னா சொல்லுங்க, பாத்துரலாம். முயலுக்கு வைத்தியம் பாத்துப் பழக்கமில்ல. படிக்கிறப்ப முயல் வளர்ப்பு பாடமா இருந்துச்சு. எத்தனை குட்டி போடும், எத்தனை வாரத்துல எடை ஏறும், அதெல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கு."

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் மருத்துவர் கிடைப்பது பாதி வைத்தியம். அவர் வயிற்றை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். கல்லாக இறுகியிருந்தால் அடைப்பு. அப்போது வாய்வழியாக எதையும் புகட்டக் கூடாது. மிளகின் வயிறு இளகித்தான் இருந்தது. நகரத்தில் இருக்கும் வகுப்புத் தோழர் ஒருவரைக் கைபேசியில் பிடித்து, எடையைச் சொல்லி, அளவைக் கேட்டு, ஒரு தாளில் எழுதினார். தோலுக்கடியில் நீர்மருந்து ஏற்றினார். வலிக்கு மெலாக்சிகாம். பிறகு கூடையை மூடும்போது சொன்னார்: "யாராவது ஆன்டிபயாடிக் சிரப் குடுக்கச் சொல்லுவாங்க. அமாக்சிசிலின் மட்டும் வாயில குடுத்துராதீங்க டீச்சர்."

இந்த எச்சரிக்கையின் கனம் புரிய முயலின் வயிற்றுக்குள் கொஞ்சம் போய்வர வேண்டும். மாடு தின்ற புல்லை முன்வயிற்றில் நொதிக்க வைத்து, மேலே கொண்டுவந்து அசைபோடுகிறது. முயல் அதே வேலையைப் பின்னால் வைத்துக்கொண்டிருக்கிறது. சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் ஒரு பெரிய பை. அதில் நுண்ணுயிர்கள் நாரைச் செரித்துப் புரதமும் பி வைட்டமின்களும் ஆக்குகின்றன. ஆனால் சத்தை உறிஞ்சும் சிறுகுடல் அந்தப் பைக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. அதனால் முயல் இரண்டு விதமாகக் கழிக்கிறது. ஒன்று நாம் பார்க்கும் காய்ந்த புழுக்கை. மற்றது மெதுவான, கொத்தாக ஒட்டிய கழிவு. அதைத் தரையில் விழ விடாமல் ஆசனவாயிலிருந்தே வாயில் எடுத்து விழுங்கி, மறுபடி செரித்துக்கொள்கிறது. பெரும்பாலும் ஆளரவமற்ற நேரத்தில் நடப்பதால் வீட்டில் வளர்ப்பவர்கள் பலருக்கு இது தெரிவதே இல்லை. மோரோ என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் 1882இல் இதை விவரித்து எழுதினார்.

முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது முன்னோக்கி நகர்ந்தே ஆக வேண்டும். நகர்த்துவது நார். தின்பது நின்றால் குடல் நிற்கும். குடல் நின்றால் வாயு சேரும், வலிக்கும். வலிப்பதால் மேலும் தின்னாது. அரை நாள் பட்டினி கிடந்தாலே முயலுக்கு ஆபத்துத் தொடங்கிவிடுகிறது. அமாக்சிசிலின் வாய்வழியாகப் போனால் அந்தப் பையிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அழிக்கிறது. காலியான இடத்தில் கிளாஸ்டிரிடியம் என்ற பாக்டீரியா பெருகி நஞ்சைச் சுரக்கிறது. கழிச்சல் கண்டு முயல் செத்துப்போகிறது. பென்சிலின் வகை மருந்தை ஊசியாகப் போட்டு முயலின் சீழ்க்கட்டிகளை ஆற்றுகிற மருத்துவர்களும் உண்டு. மருந்து நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு, எந்த வழியாகப் போகிறது என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும்.

எதிர்பார்த்தது போலவே சிரப் வந்தது. மருந்துக்கடைத் தம்பி அக்கறையாகத்தான் எடுத்து நீட்டினார்: "பச்சப்புள்ளைக்கே குடுக்குறோம்க்கா, இதுக்கு என்ன பண்ணப் போகுது?" எதிர்வீட்டில் ஓமத் தண்ணீர் என்றார்கள். பால்காரர் விளக்கெண்ணெய் என்றார். அவரவர் பிடித்த முயலுக்கு மூன்று கால். மருத்துவர் இல்லாத இடம் வெறுமையாக இருப்பதில்லை, யோசனைகளால் நிரம்பிவிடுகிறது. பச்சைப்பிள்ளை, நாய்க்குட்டி, கோழி என்று தெரிந்த உடம்பிலிருந்து தெரியாத உடம்புக்கு அளவெடுக்கிறார்கள். அன்பில் குறையில்லை. அந்த அன்பு தேர்ந்தெடுக்கும் பாட்டிலில்தான் ஆபத்து.

வீட்டில் செய்ய வேண்டியது எளிமையானது, அலுப்பூட்டுவது. முயல் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்து, ஆறியதும் கூழாக அரைத்து, வடிகட்ட வேண்டும். ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் நுழைத்துச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விழுங்கிவிட்டதா என்று பார்த்துத்தான் அடுத்த சொட்டு. மல்லாத்திப் பிடித்தாலோ, அவசரப்பட்டு அழுத்தினாலோ நுரையீரலுக்குள் போய்விடும். அதற்கு முன்னால் துண்டால் சுற்றிப் பிடிக்கும் கலை ஒன்று இருக்கிறது. முயலின் எலும்பெல்லாம் சேர்த்து அதன் எடையில் சுமார் 8 விழுக்காடுதான். பூனைக்கு அது 13 அளவில் வரும். பின்னங்கால் தசையோ அசுர பலம். பிடி தளர்ந்து உதறினால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். இறுக்கிப் பிடித்தால் மூச்சு முட்டும். விடவும் கூடாது, இறுக்கவும் கூடாது என்ற அந்த அளவை எந்தத் தாளிலும் எழுதிக் கொடுக்க முடியாது; கை தானாகக் கற்க வேண்டும்.

இரவில் எழுந்து கூழ் புகட்டும்போதெல்லாம் என் மாமியார் விழித்துக்கொள்வார். ஒருநாள் கேட்டார்: "கறிக்கு விக்கிறதத்தான தூக்கி வச்சுக்கிட்டு ராத்திரி பூரா முழிச்சிருக்க?" கேலி இல்லை, நியாயமான கேள்வி. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டிலும் ஆட்டுக்கறி உண்டு. குறளில் வரும் கான முயல்கூட அம்புக்கு எளிதாக அகப்படும் சிற்றுயிராகத்தான் வருகிறது. யானையைக் குறிவைத்துத் தவறிய வேலுக்கு அங்கே மரியாதை அதிகம். அதுவாவது காட்டு முயல். இன்று சட்டம் அதைக் காக்கிறது. கூண்டு முயல் ஸ்பெயின் பக்கத்திலிருந்து வந்த வேறு இனம். அதற்கு நம் பழைய நினைவில் இடமில்லை, புதிய சட்டத்தில் பெரிய காவலும் இல்லை. பக்கத்து வீட்டார் இன்னும் நேராகக் கேட்டார்கள்: "ஆகுற செலவுக்குப் புதுசா நாலு வாங்கிரலாமே?"

கணக்குப்படி அவர்கள் சொன்னது சரி. ஆனால் முயலுக்கு மருத்துவம் ஏன் இல்லை என்பதற்கான பதிலும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

முயலின் உடம்பைப் பற்றி மனிதனுக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1885இல் வெறிநாய் கடித்த சிறுவனுக்கு லூயி பாஸ்டர் கொடுத்த மருந்து, நோயேற்றிய முயலின் தண்டுவடத்தை உலர்த்தி எடுத்தது. கொழுப்பு ரத்தக்குழாயை அடைக்கிறது என்பதை 1913இல் ரஷ்யாவில் அனிச்கோவ் கண்டது, முயலுக்குக் கொலஸ்டிரால் ஊட்டி. 1931இல் வந்த ஃப்ரீட்மன் சோதனையில் பெண்ணின் சிறுநீரை முயலுக்கு ஊசியாக ஏற்றி, பிறகு அதைக் கொன்று கருப்பையருகே சினையகத்தைப் பார்த்துக் கர்ப்பத்தை உறுதிசெய்தார்கள். 1944இல் டிரெய்ஸ் வகுத்த முறையில் பல பத்தாண்டுகளாக முயல்களின் கண்ணில் சோப்பும் ரசாயனமும் விட்டுச் சிவக்கிறதா என்று பார்த்தார்கள். அழகுசாதனப் பொருட்களுக்கான விலங்குச் சோதனையை இந்தியா 2014இல்தான் தடைசெய்தது. தாலிடோமைடு மருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகளை ஊனமாக்கிய பிறகு, எலியிடம் தெளிவாகத் தெரியாத அந்தக் கேடு முயல் குட்டிகளிடம் தெரிந்தது. அதன்பின் கர்ப்பிணிகளுக்கான மருந்துகளை முயலிடமும் சோதிப்பது வழக்கமாயிற்று. நாம் விழுங்கும் மாத்திரைகளில் எத்தனையோ, முதலில் ஒரு முயலின் உடம்பைக் கடந்து வந்தவை.

இவ்வளவு அறிவு இருந்தும் என் கூடையில் இருந்த முயலுக்கு அது ஏன் வந்துசேரவில்லை? அந்த அறிவில் முயல் நோயாளியாக இருந்ததே இல்லை. சோதனைக்கூட முயலுக்குச் சோதனை முடியும் நாள்தான் ஆயுள். இறைச்சி முயலுக்கு இரண்டு கிலோவைத் தொடும் மூன்றாவது மாதம் ஆயுள். இந்த இரண்டு இடத்திலும் முயலுக்குக் கிழப்பருவம் கிடையாது. கடைவாய்ப் பல் கோணுவதும், கட்டி வருவதும், மூட்டு தேய்வதும் அங்கே எழ வாய்ப்பே இல்லாத பிரச்சினைகள். நல்ல கவனிப்பில் முயல் எட்டு ஆண்டு, அதற்கு மேலும் வாழும். அந்த ஆண்டுகளைப் பற்றிய மருத்துவத்தை வீட்டுக்குள் முயலை வாழவிட்டவர்களும் அவர்களுடைய மருத்துவர்களும்தான் உண்டாக்க வேண்டியிருந்தது.

ஓர் உயிரை எந்த வயதுவரை வாழ அனுமதிக்கிறோமோ, அந்த வயதோடு அதன் மருத்துவமும் நின்றுவிடுகிறது. பிராய்லர் கோழிக்கு ஆறு வாரம்; அதற்கான மருத்துவமும் ஆறு வாரம்தான். மாட்டின் மடிநோய்க்கு உள்ள மருந்துகளைப் பால் வற்றிய மாட்டின் மூட்டுவலிக்கு உள்ளவற்றோடு ஒப்பிட்டால் போதும். மனிதனுக்கும் இது பொருந்தும். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியவர்களுக்கென்று தனியான புறநோயாளர் பிரிவை மருத்துவர் வ.செ. நடராசன் 1978இல்தான் தொடங்கினார். முதியவர்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள். "வயசானா அப்படித்தான்" என்ற பதிலோடு வீட்டுக்குத் திரும்பினார்கள். அப்படித்தான் என்ற சொல் விழும் இடத்தில் மருத்துவம் நின்றுவிடுகிறது.

மிளகுக்குக் குடல் மீண்டது. தட்டில் முதலில் விழுந்த சின்னஞ்சிறு புழுக்கைகளை என் மகள் எண்ணிக்கொண்டே இருந்தாள். ஆனால் ஏன் நின்றது என்பதற்கு எங்கள் ஊரில் விடை இல்லை. நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு இரவுப் பேருந்தில்தான் போனோம். முயலுக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டை அந்த நீண்ட காது வழியாகத்தான் வெளியேற்றும். சித்திரை வெயிலில் பேருந்துக்குள் பகலில் கொண்டுபோனால் ஊர் சேருமுன் சுருண்டுவிடும். குளிர்ந்த நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிக் கூடைக்குள் வைத்திருந்தோம்.

அங்கே காது பார்க்கும் கருவியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார்கள். முயலுக்கு 28 பல். எல்லாமே ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டிருப்பவை. முன்பல் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேல் வளரும். மேலும் கீழும் சரியாக உரசினால் தேய்ந்துவிடும். மிளகுக்குக் கடைவாய் அமைப்பே பிறவியில் கோணல். தேயாத ஓரம் முள்ளாக வளர்ந்து நாக்கைக் கிழித்துக்கொண்டிருந்தது. அதை ராவ வேண்டும், அதற்கு மயக்கம் கொடுக்க வேண்டும். பிரிட்டனில் 2008இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், மயக்க மருந்தோடு தொடர்புடைய இறப்பு நாய்களில் 0.17 விழுக்காடு, பூனைகளில் 0.24, முயல்களில் 1.39. வசதிகள் நிறைந்த நாட்டின் கணக்கு அது. கையெழுத்துப் போடும்போது என் மகள் முகத்தைப் பார்க்காமல் போட்டேன்.

மிளகு எழுந்தது. பல் மறுபடி வளரும் என்பதால் சில மாதங்களுக்கொருமுறை இதே பயணம் இருக்கிறது. இப்போது அதற்கு ஆறாவது வயது. பண்ணைக் கணக்கில் மூன்றாவது மாதத்தோடு முடிந்திருக்க வேண்டிய உயிர். எங்கள் ஊர் மருத்துவர் அதைப் பார்க்கும்போதெல்லாம் வாயைத் திறந்து பார்க்கப் பழகிவிட்டார். இப்போது அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் முயல் கூடைகள் அவரிடம் வருகின்றன. "உங்க முயல்தான் டீச்சர் எனக்கு வாத்தியார்" என்று சிரிப்பார். அறிவு இப்படித்தான் பரவுகிறது, ஒரு கூடையிலிருந்து இன்னொரு கூடைக்கு. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் ஒரு முயல் உயிரைப் பணயம் வைத்துப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

கால்நடைத் துறை செய்யக்கூடியது பெரிய செலவில்லாத காரியம். ஒவ்வொரு கால்நடை மருந்தகச் சுவரிலும் முயலுக்கென்று தமிழில் ஒரு தாள் ஒட்டலாம். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டமைசின் இவற்றை வாய்வழியாகக் கொடுக்கக் கூடாது. நாய் உண்ணிக்கு விடும் ஃபிப்ரோனில் சொட்டை முயலுக்கு விடக் கூடாது. அரை நாள் தின்னாவிட்டால் அவசரம். வலிமருந்தின் அளவு இவ்வளவு. சந்தேகம் வந்தால் அழைக்க வேண்டிய கல்லூரி மருத்துவரின் எண் இது. அவ்வளவு போதும். 1962 எண்ணில் வரும் கால்நடை ஊர்தியிலும் அதே தாள் ஒன்று இருக்கட்டும். சந்தையில் கம்பிக்கூண்டில் முயல்குட்டியைப் பார்த்துப் பிள்ளை அடம்பிடிக்கும்போது பெற்றோர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு: நம் ஊரில் இதன் வாயைத் திறந்து பார்க்க ஆள் இருக்கிறாரா? இல்லையென்றால் வாங்காதீர்கள்.